எனக்குக் கேட்காத தேர்வு

ஜனவரி மாதச் சனிக்கிழமை. அகிதா நகரம்.
இரண்டு நாளாய்க் கொட்டிய பனி
பல்கலைக்கழகக் கூரையில்
ஒரு முழத்துக்குக் குந்தியிருக்கிறது.
நான் இங்கே மண்ணியல் நடத்துபவள்.
இன்றைக்கு மட்டும் ஆங்கிலத்துக்குக் காவல்.

மதியத்துக்குப் பின் வாசிப்புத் தேர்வு.
எண்பது நிமிடம்.
தோள்களுக்கு மேல் எட்டிப் பார்த்ததில்
சைக்கிள் வாடகை விளம்பரம்,
யாரோ ஒருத்தியின் பயணக் குறிப்பு,
தேனீக்களைப் பற்றி நீளமாய் ஏதோ.
பக்கம் புரட்டும்போது
நாற்பது புறாக்கள் எழும்பி
மறுபடி உட்கார்ந்த மாதிரி இருந்தது.
வாசிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்:
உதடு அசையும், விரல் வரியில் ஊரும்,
சிலர் தேனீ வரைக்கும் போய்
சைக்கிளுக்கே திரும்பி வருவார்கள்.

கேட்பதைப் பார்க்க முடியாது.

ஐந்து மணிக்கே வெளியே இருட்டு.
கையேட்டைப் பிரித்து, அதில் உள்ளதை
உள்ளபடி வாசித்தேன்.
ஒரு சொல் கூடக்கூடாது. இருமல் வந்தால்
வராந்தாவுக்குப் போய் இரும வேண்டும்.
நானும் குதோ சாரும்
ரப்பர் அடிச் செருப்பில் பூனைகளாய் நின்றோம்.
ஆளுக்கொரு கருவி, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது.
நாற்பது கட்டைவிரல்கள் ஒரே நொடியில் அழுத்தின.

அதற்குப் பிறகு அந்த அறையில்
ஒன்றுமே நடக்கவில்லை.

எண்பது காதுகளுக்குள்
ஓர் ஆணும் பெண்ணும் விடாமல் பேசுகிறார்கள்.
எனக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.
எனக்குக் கேட்டதெல்லாம்
வெந்நீர்க் குழாயின் முனகல்,
மூன்றாம் வரிசையில் யாருடைய வயிறோ,
வட்டங்களை நிரப்பும் பென்சிலின் உராய்வு.
பதினோராவது நிமிடம்
ஒரு பையன் மட்டும் லேசாகச் சிரித்தான்.
மற்ற முப்பத்தொன்பது பேரும் சிரிக்கவில்லை.
இதற்கு யாராவது மதிப்பெண் போடுவார்களா என்று நினைத்தேன்.

அப்போதுதான் கூரை சரிந்தது.
கூரை இல்லை, அதன்மேல் இருந்த பனி.
தடதடவென்று உருண்டு வந்து
ஜன்னலுக்கு வெளியே தொம்மென்று விழுந்தது.
பேனாக்கூட ஆடாத அறையில்
மேஜைகள் ஒருமுறை அதிர்ந்தன.

ஜன்னலோரம் ஒரு கை உயர்ந்தது.
நரவோகா யசுஹா,
புகைப்படத்தில் இருப்பதைவிட முடி குறைவு.
பேசக்கூடாதென்பதால் அட்டையை நீட்டினேன்:
‘கருவியில் பழுதா?’
தலையை ஆட்டினாள்.
ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

குதோ சார் வெளியே கொண்டுபோய்க்
காதில் வைத்துப் பார்த்தார்.
நன்றாகத்தான் பேசுகிறது என்றார்.
படிவத்தில் இரண்டு கட்டம்: பழுது, சத்தம்.
எந்தக் கட்டம் என்று
தலைமை அறைக்குத் தொலைபேசி செய்தேன்.
பனி வழுக்கி விழுவதெல்லாம்
அகிதாவில் ஒரு சத்தமா, என்றது எதிர்க்குரல்.
பிறகு, எத்தனை நொடி இருக்கும்?

மூன்று. மிஞ்சினால் மூன்றரை.
ஏழு என்றேன்.
அந்த அறையில்
காதில் ஒன்றும் மாட்டிக்கொள்ளாமல்
கேட்டுக்கொண்டிருந்தவர்களில்
என்னைத் தவிர குதோ சார்தான்.
அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு
ஒற்றை மேஜையில் அவளுக்கு மறுதேர்வு.
முப்பத்தொன்பது காலி நாற்காலிகள்,
காவலுக்கு நாங்கள் இருவர்.
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
புரிந்ததா இல்லையா என்று.
ஒன்றும் தெரியவில்லை.
தெரிந்திருந்தால் இந்தக் கருவிகள் எதற்கு?

காலணி அலமாரியருகில் விதியை மீறிக் கேட்டுவிட்டேன்:
விட்டுப்போன கேள்வி என்ன?
ஒரு காலில் பூட்ஸோடு நின்று யோசித்தாள்.
‘ஒருவர் குடையைத் தொலைத்துவிட்டார், டீச்சர்.
எங்கே வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தார்.
அதற்குள் பனி.’

இப்போது சொன்னாரா?

‘இல்லை. இது வேறு கேள்வி.
பேக்கரியில் ரொட்டி வாங்குகிறார்கள்.’

இன்னொரு காலையும் நுழைத்துக்கொண்டு போனாள்.
விளக்குகளை அணைத்தேன்.
கருவிகளை எண்ணி உறையிலிட்டேன், நாற்பது,
மறுதேர்வுக்கு ஒன்று.
குடை எங்கேயோதான் இருக்கிறது.